கதிருயிரிகள் கட்டிய கல்

மூகைட் என்பது மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடைக்கும் ஒரு படிவுப் பாறை. கார்னார்வன் நகருக்குக் கிழக்கே, கென்னடி மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் உள்ள மூகா ஓடையின் பெயரே கல்லுக்கும் ஆகிவந்தது. அறுத்து மெருகேற்றிய ஒரே துண்டில் மாம்பழ மஞ்சள், நாவற்பழ ஊதா, காவிச் சிவப்பு, பால்வெள்ளை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். சில இடங்களில் நிறங்கள் ஒன்றோடொன்று குழைந்திருக்கும். சில இடங்களில் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்கும்.

வேதியியல் கணக்கில் இந்தக் கல்லும் கடற்கரை மணலின் பெரும்பகுதியும் ஒரே பொருள்தான்: சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா. மணல் படிந்து இறுகினால் மணற்பாறை ஆகிறது. மணற்பாறையை உடைத்தால் மணிமணியாகத் தெரியும், விரலால் தேய்த்தால் சொரசொரக்கும். மூகைட்டை உடைத்தால் கண்ணாடித் துண்டு போல வழவழப்பான முகம் வெளிப்படுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு மணல்மணியைக் காண முடியாது. இரண்டும் படிவுப் பாறைகள், இரண்டும் சிலிக்கா. ஆனாலும் ஒன்றில் மணி இருக்கிறது, மற்றதில் இல்லை.

மணியில்லாத இந்த வகைப் பாறைக்குப் புவியியலாளர் வைத்திருக்கும் பொதுப்பெயர் செர்ட். நம் முன்னோர் இரும்பில் தட்டித் தீ உண்டாக்கிய சக்கிமுக்கிக் கல்லும், மணிமாலைகளில் கோக்கப்படும் சிவப்பு ஜாஸ்பரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குடும்பம் முழுவதற்கும் பொருந்தும் விடை ஒன்று உண்டு. இங்கே சிலிக்கா மணலாக உருண்டு வரவில்லை, நீரில் கரைந்து வந்தது.

சிலிக்கா நீரில் கரையும் என்பது முதலில் நம்பக் கடினம். சிலிக்காவே ஆன வெங்கச்சங்கல்லை ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் போட்டுவைத்தாலும் கண்ணுக்குத் தெரிந்து அது தேய்வதில்லை. ஆனால் மழைநீர் கருங்கல்லில் உள்ள மற்றக் கனிமங்களை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. அப்போது விடுபடும் சிலிக்காவில் ஒரு சிறு பங்கு கரைந்து ஆற்றோடு போகிறது. அதற்கு வயலிலேயே சான்று இருக்கிறது. நெற்பயிர் மண்ணீரில் கரைந்த சிலிக்காவை வேரால் உறிஞ்சி, இலையிலும் உமியிலும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்களாகச் சேர்த்து வைக்கிறது. நெல்லின் தாள் கையைக் கீறுவது அதனால்தான். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. அந்தச் சாம்பலால் பல் துலக்கியவர்கள் அதன் சொரசொரப்பை அறிவார்கள். நெல் வயலில் செய்யும் வேலையைக் கடலில் சில நுண்ணுயிர்கள் செய்கின்றன.

அவற்றுள் முதன்மையானவை ரேடியோலேரியா. லத்தீனில் இந்தப் பெயருக்குக் கதிரை உடையது என்ற கருத்து வரும். தமிழில் கதிருயிரி எனலாம். ஒரே செல் கொண்ட உயிர். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோதான் அதன் அளவு. ஒரு லிட்டர் கடல்நீரில் சிலிக்கா சில மில்லிகிராம் அளவுக்கே இருக்கிறது. அதிலிருந்து எடுத்து இந்த உயிர் தனக்கு ஒரு கூடு பின்னிக்கொள்கிறது: பூக்கூடை போல, மணி போல, முள் நீட்டிய பந்துக்குள் இன்னொரு பந்து போல. 1872 முதல் 1876 வரை உலகப் பெருங்கடல்களைச் சுற்றிய சாலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த மாதிரிகளை ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் ஆராய்ந்தார். 1887இல் அவர் வெளியிட்ட அறிக்கை 4,000க்கும் மேற்பட்ட கதிருயிரி இனங்களை விவரித்தது. அவற்றில் 3,500க்கு மேல் அதுவரை அறியப்படாதவை. அவர் வரைந்த படங்களைப் பார்க்கும் எவருக்கும், இவை நுண்மணல் அளவே உள்ள பொருள்கள் என்பது மறந்துபோகும்.

இதே கப்பல்தான் ஆழ்கடல் தரையின் சில பரப்புகளில் இந்தக் கூடுகளே சேறாகக் குவிந்திருப்பதையும் காட்டியது. எல்லா இடத்திலும் அப்படிக் குவிவதில்லை. கடல்நீரில் சிலிக்கா நிறைவளவுக்குக் கீழேதான் இருக்கிறது. எனவே இறந்த உயிரின் கூடு விழத் தொடங்கியதுமே கரையவும் தொடங்குகிறது. தனியே விழும் ஒரு கூடு பல கிலோமீட்டர் ஆழத்தைக் கடக்க வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட ஆகும். கூடுகளை விழுங்கிய சிறு கடலுயிர்களின் எச்சத்தில் பொதிந்து விழுபவை விரைவாகத் தரை சேர்ந்து தப்பிக்கின்றன. மொத்தத்தில் நூற்றுக்குச் சில கூடுகளே சேற்றில் நிலைக்கின்றன. ஆகவே ஆழத்திலிருந்து சத்துநீர் மேலெழுந்து உயிர்கள் பெருகும் கடற்பரப்புகளின் அடியில்தான் இந்தச் சேறு சேர்கிறது.

சுண்ணாம்பு ஓடுள்ள நுண்ணுயிர்களும் அதே கடலில் இறந்து விழுகின்றன. அவை மிகுந்து கலந்தால் செர்ட்டுக்குப் பதில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைதான் கிடைக்கும். முட்டை ஓட்டில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைத்துக் கரைவது தெரிந்த செய்தி. ஆழ்கடலின் குளிர்ந்த நீரில் கரியமில வாயு மிகுந்திருப்பதாலும், நீரின் அழுத்தம் கூடுவதாலும் சுண்ணாம்பு ஓடுகளுக்கு அங்கே அதே கதி நேர்கிறது. ஏறக்குறைய நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே அவை நிலைப்பதில்லை. மலையில் பனி நிலைக்கும் உயரக்கோடு இருப்பதைப் போலக் கடலில் இது சுண்ணாம்பு மறையும் ஆழக்கோடு. அதற்குக் கீழே தப்பி நிற்பது சிலிக்காவும் களிமண்ணும் மட்டுமே.

சேறு கல்லாவதில்தான் மணி மறையும் புதிர் அவிழ்கிறது. கதிருயிரியின் கூடு ஓபல் என்னும் வகைச் சிலிக்காவால் ஆனது. ஓபலில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் அடைந்திருக்கும், இடையிடையே நீரும் இருக்கும். வெங்கச்சங்கல்லாகிய குவார்ட்ஸில் அதே அணுக்கள் அணிவகுத்து நிற்கும். பதநீர்ப் பாகுக்கும் பனங்கற்கண்டுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது: இனிப்புப் பொருள் ஒன்றுதான், ஒன்று ஒழுங்கற்றது, மற்றது படிகம். ஒழுங்கற்ற ஓபல் எளிதில் கரையும். ஒழுங்கான குவார்ட்ஸ் அரிதாகவே கரையும். சேற்றின்மேல் மேலும் சேறு சேர்ந்து, புதைந்த அடுக்கு சூடேறும்போது, ஓபல் கூடுகள் துளைநீரில் கரைகின்றன. கரைந்த சிலிக்கா முதலில் பாதி ஒழுங்குள்ள இடைநிலை ஓபலாகவும், பிறகு குவார்ட்ஸாகவும் திரும்பப் படிகிறது. கலிஃபோர்னியாவின் மான்டரே பாறைத்தொகுதியில் செய்த ஆய்வுகள் முதல் மாற்றம் 50 டிகிரி செல்சியஸ் அளவிலும் இரண்டாவது 80 டிகிரியை ஒட்டியும் நடப்பதைக் காட்டின. கூடவே இருக்கும் களிமண்ணும் கழிந்த காலமும் இந்த அளவுகளை முன்பின் ஆக்கும்.

இப்படிப் பிறக்கும் குவார்ட்ஸ் எங்கெங்கும் ஒரே நேரத்தில் முளைப்பதால் எந்தப் படிகத்துக்கும் வளர இடம் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவிலேயே நின்று, பக்கத்துப் படிகத்தோடு பல்பல்லாகக் கோத்துக்கொள்கிறது. மணற்பாறையில் மணிகள் முன்பே இருந்தன, இறுகியது பின்பு. செர்ட்டில் கல் இறுகும்போதுதான் மணியே பிறக்கிறது. மூகைட்டில் காண முடியாத அந்த மணிகள் உண்மையில் கோடிக்கணக்கில் உண்டு. கண்தான் எட்டவில்லை.

கடலடியில் இது இன்றும் நடந்துவருகிறது என்பதற்குத் துரப்பண முனைகள் சாட்சி. 1968இல் குளோமர் சாலஞ்சர் என்ற கப்பல் ஆழ்கடல் தரையைத் துளையிடத் தொடங்கியது. அட்லாண்டிக்கின் அடியில் ஒலியலைகளைத் திருப்பியனுப்பும் ஓர் அடுக்கு உண்டென்று முன்பே தெரியும். அது என்னவென்று தெரியாதிருந்தது. துளையிட்டபோது, மென்சேற்றுக்கு நடுவே இறுகிக் கிடந்த செர்ட் என்று தெரிந்தது. மெல்லிய செர்ட் அடுக்கிலேயே துரப்பண முனைகள் மழுங்கின. முனையை மாற்றக் குழாயை மேலே இழுத்தால், ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் அதே துளையை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே துளையின் வாயில் பெரிய புனலைப் பொருத்தி, ஒலியின் உதவியால் குழாயைத் திரும்ப அதற்குள் இறக்கும் உத்தி உருவாக்கப்பட்டு 1970இல் வெற்றி பெற்றது. ஒரு மெல்லிய கடின அடுக்கு ஒரு தொழில்நுட்பத்தையே பிறப்பித்தது.

செர்ட்டின் வயதை அறிவதும் நெடுநாள் சிக்கலாக இருந்தது. கூடுகள் கல்லோடு கல்லாகிவிட்டதால் அவற்றைத் தனியே எடுக்க வழியில்லை. மெல்லிய வில்லையாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வெறும் வட்டங்கள்தான் தெரியும். 1972இல் பெசக்னோ, நியூபோர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். சிலிக்காவைக் கரைக்கும் அமிலம் சிலிக்காக் கூட்டை எப்படி விட்டுவைக்கும் என்று தோன்றலாம். கூட்டின் சுவரும் அதைச் சூழ்ந்த கல்லும் அமைப்பில் சற்றே வேறுபடுகின்றன. நீர்த்த அமிலம் இரண்டையும் ஒரே வேகத்தில் அரிப்பதில்லை. உரிய நேரத்தில் எடுத்துக் கழுவினால், பல கோடி ஆண்டுப் பழைய பூக்கூடைகள் முழு உருவோடு உதிர்ந்து வருகின்றன. கதிருயிரி இனங்கள் காலந்தோறும் மாறிவந்தவை என்பதால், எந்தக் கூடு இருக்கிறதோ அதுவே பாறையின் வயதைச் சொல்லும்.

ஜப்பானில் இதன் விளைவு பெரிது. அங்குள்ள செர்ட் அடுக்குகளை, அருகே கிடக்கும் சுண்ணாம்புப் பாறைத் துண்டுகளின் புதைபடிவங்களை வைத்து மிகப் பழையவை என்று எண்ணியிருந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் கதிருயிரிகளைப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பகுதி ட்ரையாசிக், ஜுராசிக் காலங்களைச் சேர்ந்தது என்று தெரிந்தது. நாட்டின் புவியியல் வரைபடத்தில் பெரும்பகுதியைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. நடுக்கடலில் படிந்த சேறு, கடல்தரைத் தட்டின்மீது சவாரி செய்து வந்து, தட்டு நிலத்துக்கடியில் அமிழும் இடத்தில் சுரண்டப்பட்டு, கரையோடு ஒட்டப்பட்டது என்ற விளக்கம் இதன்வழி உறுதியானது. சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே சாலையோரம் தெரியும் செம்பழுப்பு செர்ட்டும் அப்படி வந்ததே. அங்கே ஏறக்குறைய 80 மீட்டர் தடிப்பில் பத்துக் கோடி ஆண்டுக் கடல் வரலாறு அடங்கியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

ரேடியோலரைட் எனப்படும் கதிருயிரிப் பாறை என்றாலே நடுக்கடல் ஆழம் என்று எடுத்துக்கொண்டால் தவறு. மூகைட்டே விதிவிலக்கு. அது விண்டாலியா ரேடியோலரைட் என்னும் பாறைத்தொகுதியைச் சேர்ந்தது. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியில், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரேலியக் கண்டத்தின் விளிம்பை மூடியிருந்த கடலில் படிந்தது. அதே அடுக்குகளில் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிர்களின் அச்சுகள் கிடைக்கின்றன. எளிதில் கரையும் சுண்ணாம்பு ஓடுகள் அடிவரை சேர்ந்திருக்கின்றன என்றால் அங்கே ஆழம் குறைவு. வெளியிலிருந்து மணலும் மண்ணும் அதிகம் வராமல், கதிருயிரிகள் மட்டும் பெருகினால் ஆழம் குறைந்த கடலிலும் இந்தப் பாறை அமையும்.

நிறம் பின்னால் வந்த விருந்தாளி. தூய சிலிக்காவுக்கு நிறமில்லை. மூகைட்டின் வெள்ளைப் பகுதிகளே அதன் இயல்புக்கு நெருக்கமானவை. சிவப்புக்கும் காவிக்கும் காரணம் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு, மஞ்சளுக்கும் பழுப்புக்கும் காரணம் கோதைட் என்னும் நீர் சேர்ந்த இரும்புக் கனிமம். செம்மண்ணுக்கும் துருவுக்கும் நிறமூட்டுபவை இவையே. மிகச் சிறிதளவு போதும். மாவில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போல முழுவதையும் நிறம் மாற்றிவிடும். பாறை நிலத்துக்கு மேலே வந்தபின் இரும்பு கரைந்த நிலத்தடி நீர் விரிசல்கள் வழியே ஊறி, வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு கனிமமாகப் படிந்ததால் ஒரே துண்டில் பல நிறம். ஆக்சிஜன் எட்டாத சேற்றில் இறுகிய செர்ட் பச்சையாகவோ சாம்பலாகவோ இருக்கும். உயிர்க்கரி மிகுந்தால் கறுப்பு.

கதிருயிரிகள் தோன்றும் முன்பும் செர்ட் உண்டாயிற்று. சிலிக்காவை எடுத்துப் பயன்படுத்த உயிர்கள் இல்லாத பழங்கடலில் அது இன்றைவிட மிகுந்து, தானாகவே படிந்தது. மூகா ஓடையிலிருந்து வெகுதூரம் வடகிழக்கே, பில்பரா வட்டாரத்தில் மார்பிள் பார் என்ற ஊர் இருக்கிறது. கூங்கன் ஆற்றின் குறுக்கே சிவப்பும் வெள்ளையும் சாம்பலுமாக வரிவரியாய்க் கிடக்கும் பாறையைச் சலவைக்கல் என்று கருதி வைத்த பெயர். அது ஜாஸ்பர், சுமார் 346 கோடி ஆண்டுப் பழையது. ஒரு துளி அமிலம் விட்டிருந்தால் நுரைக்காததைக் கண்டு சலவைக்கல் அல்ல என்று அறிந்திருக்கலாம். அந்தச் சிவப்பு அன்றே கடலில் உண்டானதா, மிகப் பின்னால் ஏறியதா என்பதில் ஆய்வாளர் இன்னும் ஒத்துப்போகவில்லை. அன்றே என்றால் பூமியில் ஆக்சிஜன் தோன்றிய கதையை முன்னே தள்ள வேண்டியிருக்கும் என்பதால் விவாதம் கடுமையானது.

நுண்படிகச் சிலிக்கா தன்னுள் அகப்பட்டதை நசுங்காமல் காக்கும். கனடாவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள கன்ஃபிளின்ட் செர்ட்டில், ஸ்டான்லி டைலரும் எல்சோ பார்கூர்னும் 1954இல் நுண்ணுயிர்ப் படிவங்களை அறிவித்தபோது, ஏறக்குறைய 190 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிர் இருந்ததற்குக் கண்கூடான சான்று கிடைத்தது. தமிழ்நாட்டிலும் இந்தப் பழம்படிவுகளின் உறவு உண்டு: சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இரும்புக் கனிமமும் குவார்ட்ஸும் மாறிமாறி வரியிட்ட பாறை. சிலிக்காவும் இரும்புமாகக் கடலில் படிந்தது பிறகு பூமியின் ஆழத்தில் கடும்வெப்பத்துக்கு உள்ளாகி, நுண்படிகங்கள் பருத்து மணிமணியாகிவிட்டன. செர்ட்டின் வழவழப்பு அங்கே இல்லாதது அதனால்.

பயன்கள் எல்லாம் அந்த நுண்மணி அமைப்பிலிருந்தே வருகின்றன. மரத்துக்கு நார் ஓடும் திசை உண்டு. அந்தத் திசையில்தான் பிளக்கும். செர்ட்டில் படிகங்கள் எல்லாப் பக்கமும் கலைந்து கிடப்பதால் அதற்குத் திசையே இல்லை. தட்டினால் வெடிப்பு தட்டிய இடத்திலிருந்து சிப்பியின் உட்புறம் போல வளைந்து பரவுகிறது. இதைச் சிப்பி முறிவு எனலாம். எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு விசையோடு தட்டினால் எப்படிப்பட்ட சில்லு கழலும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். சில்லின் விளிம்போ சவரக்கத்தியின் கூர்மை. கற்கால மனிதர் இதைத் தேடித் தொலைவு போனார்கள். ஹங்கேரியில் சென்ட்கால் என்ற ஊருக்கு அருகிலுள்ள மலையின் பெயருக்கு அந்த நாட்டு மொழியில் தீக்கல் மலை என்று பொருள். அங்கு எடுத்த சிவப்பு ரேடியோலரைட் புதிய கற்காலத்தில் வெகுதூரம் பரவியது. சிந்துவெளி நகரங்களின் நீண்ட கல்லலகுகளுக்கு ரோரிக் குன்றுகளின் செர்ட்டே மூலம். அம்மக்கள் துல்லியமான கனசதுர எடைக்கற்களையும் செர்ட்டில் செய்தார்கள். தேயாத கல்லில்தான் எடை மாறாது. திருநெல்வேலிச் சீமையின் தேரி மணல்மேடுகளில் கிடைத்து, சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் விவரித்த நுண்கற்கருவிகள் வெங்கச்சங்கல்லிலும் செர்ட்டிலும் செய்தவை.

சக்கிமுக்கிக் கல்லில் பறக்கும் பொறி கல்லினுடையது என்று பலரும் எண்ணுகிறார்கள். பொறி இரும்பினுடையது. எஃகைவிடக் கடினமான கூர்விளிம்பு இரும்பின் மெல்லிய துகளைச் சுரண்டி எடுக்கிறது. சுரண்டிய சூட்டில் அத்துகள் காற்றோடு சேர்ந்து எரிகிறது. கல்லோடு கல்லை உரசினால் மங்கிய ஒளி வரலாம், பஞ்சு பற்றாது.

பொற்கொல்லரின் உரைகல்லுக்கும் இதே குணங்கள் வேண்டும். கறுப்பாக இருந்தால் பொன்கோடு தெளிவாகத் தெரியும்; பொன்னைவிடக் கடினமாக இருந்தால் உரசிய பொன் கல்லில் ஒட்டும்; அமிலம் விட்டால் மட்ட உலோகம் கரையவேண்டும், கல் கரையக் கூடாது. கரி கலந்த கறுப்புக் கதிருயிரிப் பாறை மூன்றுக்கும் பொருந்தியது. ஐரோப்பியர் இதை லிடியக் கல் என்றார்கள். லிடியா இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த பழைய நாடு. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்து நோவாகுலைட் என்ற வெண்ணிறச் செர்ட் கத்தி தீட்டும் சாணைக்கல்லாக இன்றும் விற்பனையாகிறது. கோடிக்கணக்கான நுண்மணிகள் ஒவ்வொன்றும் ஓர் அரம்.

குவார்ட்ஸாக முழுதும் மாறாத செர்ட் கட்டடத்துக்கு ஆபத்து. 1940இல் கலிஃபோர்னிய நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் தாமஸ் ஸ்டான்டன், அங்கே கான்கிரீட் வெளிப்படையான காரணமின்றி வெடிப்பதற்கு விளக்கம் கண்டார். ஜல்லியில் இருந்த ஓபல் சிலிக்கா சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து கூழ்போன்ற பொருளாகிறது. அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. வறண்ட குளத்துச் சேறு போல மேற்பரப்பில் வெடிப்புகள் வலைபோட்டு ஓடும். பெரிய அணைக்கோ பாலத்துக்கோ ஜல்லி தேர்வதற்கு முன் பாறையை வில்லையாக அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது அதனால் வழக்கமாயிற்று.

மூகைட் தரையைத் தோண்டி எடுக்கப்படுகிறது. மென்மையான வெண்ணிறப் பாறைக்குள் இறுகிய கட்டிகளாகக் கிடைக்கும். எஃகுக் கத்தியால் அதைக் கீற முடியாது, வைரத்தூள் பதித்த வாளால்தான் அறுக்க வேண்டும். மெருகேற்றினால் அதன் பளபளப்பு எளிதில் மங்குவதில்லை. மணிகளும் பதக்கங்களும் சிறு சிற்பங்களும் ஆகி உலகச் சந்தைகளுக்குப் போகின்றன. அறுக்கும்போது வாளின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பது சூடு தணிக்க மட்டுமன்று. உலர்வாக அறுத்தால் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலின் கடைசி அறைவரை போய்த் தங்கும். அதை விழுங்கிச் செரிக்க முயலும் உடற்செல்கள் மடிய, அந்த இடம் தழும்பேறி இறுகுகிறது. சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய்க்கு மருந்தில்லை. இதே சிலிக்காவால் ஆன அகேட் கல்லை அறுத்துத் தேய்க்கும் குஜராத்தின் கம்பாத் தொழிலாளர்களிடம் இது நெடுங்காலமாகக் காணப்படுகிறது. ஈரமாக அறுப்பதும், தூசியை உறிஞ்சும் குழாயைச் சாணைக்கு அருகிலேயே வைப்பதும், நுண்தூசிக்கு உரிய முகக்கவசம் அணிவதும் அதைத் தடுக்கும். மூக்கில் கட்டிய துணி தடுக்காது.